முட்டை தின்ற ஜோடி

மீன் தொட்டி அமைத்துத் தரும் தொழிலில் ஒரு நியாயம் உண்டு: மீன் பிழைத்தால் வீட்டுக்காரர் கைராசி, செத்தால் நம் கைராசி. தொட்டி வைத்து நொந்துபோனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆஸ்டின் டவுனில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தேன். நான் மாட்டிக்கொண்டது டிஸ்கஸ் மீனிடம். தோசை மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும். தண்ணீரில் சூடு குறைந்தால் கறுத்துவிடும். கதவைப் பலமாகச் சாத்தினால் மூலையில் ஒண்டிக்கொள்ளும். முட்டையைத் தனியாக எடுத்துப் பொரிக்க வைப்பதும் சுலபமில்லை. குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் சுரக்கும் வழவழப்பைத் தின்றுதான் வளரும். வீட்டு ஹாலில் ஒரு ஜோடி வளர்த்தேன். அதில் குஞ்சு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு ஒரே வெறி.

போர்டு

ஜோடி முதல்முறையாக, தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த மண்சட்டியின் மேல் முட்டையிட்டது. அவசரக்குடுக்கையான நான் அன்றே பெயிண்டரைக் கூப்பிட்டு, கடை போர்டில் 'டிஸ்கஸ் குஞ்சுகள் கிடைக்கும்' என்று எழுத வைத்தேன். வாடிக்கையாளர்களை வீட்டுக்கு அழைத்துப்போய் டார்ச் அடித்துக் காட்டவும் செய்தேன். மறுநாள் காலையில் மண்சட்டி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. முட்டை அத்தனையையும் பெற்றதுகளே தின்றுவிட்டன.

அடுத்தடுத்த தடவைகளிலும் இதே கதைதான். தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், பாதாம் இலை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் லவ் பேர்ட்ஸ் விற்கும் பாஷா பாய் தினமும் போர்டை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு அக்கறையாக விசாரிப்பார்: "க்யா அண்ணா, உங்க மீனுங்க நாஷ்டா முடிச்சாச்சா?"

டீச்சர் வீட்டு மிக்ஸி

டிஸ்கஸுக்குப் பிடித்த சாப்பாடு மாட்டு இதயம். கீரையும் பூண்டும் சேர்த்து அரைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். என் மனைவி வசந்தாவின் ஃப்ரிட்ஜில் அதற்கு இடம் கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் என் வாடிக்கையாளர் ஸ்டெல்லா டீச்சர்தான் கைகொடுத்தார். என் ஜோடிக்கும் சேர்த்து அவரே அரைத்துத் தருவார். பதிலுக்கு முதல் குஞ்சுகள் அவருக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நம்பி டீச்சர் ஒரு தொட்டியைக் காலியாகவே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒருநாள் டப்பாவை வாங்கப் போனால் டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. லீவில் வந்த அவர் மகன் ஃப்ரீசரைக் குடைந்து, கட்லெட் மாவு என்று நினைத்து எல்லாவற்றையும் பொரித்துச் சாப்பிட்டிருக்கிறான். டீச்சர் முகத்தில் சலனமே இல்லை. "'சூப்பர் மம்மி'ன்னு சொன்னான், தம்பி. நான் ஒண்ணும் வாயத் திறக்கல. உங்க மீனுக்கு இன்னிக்கு உபவாசம்னு நெனச்சுக்கோங்க."

மோட்டாருக்கு லீவு

ஒக்கலிபுரத்தில் முருகேசன் என்றொரு லேத் மெக்கானிக். அவர் வீட்டிலும் நான்தான் டிஸ்கஸ் தொட்டி அமைத்தேன். ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கிக்கொள்ள வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார், போனேன். தொட்டியில் சத்தமே இல்லை. மீன்கள் கறுத்துப்போய், மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. காற்று மோட்டாரும் ஹீட்டரும் பூஜை அறையில், ஸ்பானர்களுக்கு நடுவே, சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன.

எனக்கு வந்த கோபத்தில் சாமி முன்னாலிருந்தே இரண்டையும் தூக்கிவந்து, துடைத்து, தொட்டியில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் தெளிந்துவிட்டன. முருகேசன்தான் தெளியவில்லை. மனத்தாங்கலோடு சொன்னார்: "வொர்க்‌ஷாப்ல பெரிய பெரிய மெஷினுக்கே இன்னிக்கு ரெஸ்ட் சார். வருஷம் பூரா ராப்பகலா ஓடுற இந்தச் சின்ன மோட்டாருக்கு ஒரு நாள் லீவு குடுத்தா தப்பா?"

வாயில் சேலை

அன்று சாயங்காலம் கடை வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். "கடைக்குத் திருஷ்டி கழிச்சாச்சு. தொட்டிக்கு?" என்றாள் வசந்தா. வருகிறவர் போகிறவர் எல்லாம் கண் வைத்தால் எந்த முட்டை தங்கும் என்பது அவள் கட்சி. இதற்கெல்லாம் திருஷ்டியா என்று சிரித்தேன். அடுத்த தடவை முட்டையிட்டதும் அவள் என்னைக் கேட்கவில்லை. தன் பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலையைத் தொட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். வெளிச்சம் உள்ளே போகும், மீனுக்கு வெளியே நிற்பவர் முகம் தெரியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். தீனி அவள் கையால்தான். எனக்கும் ஹாலில் உட்காரத் தடை. சேலையைத் தூக்கப் போய் ஒருமுறை கையில் அடியும் வாங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டு, சேலையை ஓரமாக விலக்கினாள். ஜோடி நடுவில் அசையாமல் நின்றது. இரண்டின் உடம்பிலும் கடுகு தூவியதுபோலக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தகப்பன் மீன் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்ததும் அத்தனையும் தாய் பக்கம் தாவின. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். டீச்சரின் காலித் தொட்டி நிரம்பப் போகிறது. பாஷா பாய்க்கும் ஒரு பதில் கிடைத்தாயிற்று.

"பார்த்தியா, ஊர்க் கண்ணு எவ்வளவு பொல்லாததுன்னு!" என்றேன், கொஞ்சம் பெரிய மனதோடு.

வசந்தா சேலையை மறுபடி இழுத்துவிட்டாள். "ஊர்க் கண்ணு வந்து பார்த்துட்டுப் போயிடும். ராத்திரி பகல்னு பார்க்காம டார்ச் அடிச்சது யாரு? நான் சேலை கட்டினதே உங்க கண்ணுக்குத்தாங்க."

'டிஸ்கஸ் குஞ்சுகள் கிடைக்கும்' என்ற என் போர்டு பொய் இல்லை என்று ஆனபோது, அதற்கு நான் செய்திருந்த ஒரே உதவி பார்க்காமல் இருந்ததுதான்.