புது இயந்திரத்துக்கு இட்ட பொட்டு

ஆங்கிலத்தில் 'ரிசோர்ஸ்' என்றொரு சொல் உண்டு. ஒரு காரியத்தை முடிக்கக் கைவசம் என்னென்ன உள்ளனவோ அவற்றுக்கெல்லாம் அதுவே பெயர். எங்கள் பாடநூல் அதை 'வளம்' என்று பெயர்த்து, நீர், காடு, கனிமம் என எடுத்துக்காட்டும் தந்திருந்தது. நான்காம் வகுப்பில் அதை மனப்பாடம் செய்துவிட்ட எனக்கு, அச்சொல்லில் இனிக் கற்க ஏதுமில்லை என்ற நிறைவு இருந்தது.

அவ்வாண்டு ஆயுத பூசைக்கு அம்மா என்னைத் தம் தொழிற்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். வாகனங்களுக்கான மின்கம்பிகளை நறுக்கி முனை பொருத்தும் கூடம் அது, மாநில எல்லையோரம் ஜூஜுவாடியில் இருந்தது. அம்மாவும் வேறு இரு பெண்களும் கையால் அழுத்தும் கருவிகளில் அவ்வேலையைச் செய்துவந்தனர். மூவர் வேலையையும் தானே செய்யும் இயந்திரமொன்று அப்போதுதான் வந்திறங்கியிருந்தது. இனி ஒருவருக்கே அங்கு இடம். சில நாள்களாக அம்மாவும் அப்பாவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டது அதைப் பற்றித்தான் என்பதை நான் அறியேன்.

அக்கூடத்தில் ஒரு வழக்கம். அவரவர் இயக்கும் இயந்திரத்தை அவரவரே துடைத்துப் பொட்டிட்டுப் பூச்சூட்ட வேண்டும். பிறர் இயந்திரத்தில் கைவைக்கக் கூடாது. இன்னும் ஆள் குறிக்கப்படாத புது இயந்திரம் மட்டும் வெறுமையாக நின்றது. மேலாளர் அதைத் தட்டிக்கொடுத்தார்.

"மூணு ரிசோர்ஸ் பண்றத இது ஒண்ணே பண்ணிரும். ஒரு ரிசோர்ஸ் பக்கத்துல நின்னா போதும்."

தெரிந்த சொல் காதில் விழுந்ததும் நான் சுற்றிலும் தேடினேன். தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. காடும் கனிமமும் தென்படவில்லை. எண்ணப்பட்டவர்களுள் என் அம்மாவும் ஒருவர் என்பது எனக்கு எட்டவில்லை.

அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே புது இயந்திரத்திடம் சென்றார்.

"அம்மா, நம்முளுது அது இல்ல. அந்தாண்ட இருக்குது."

"தெரியும். நீ பூவக் குடு."

மேலாளர் புருவம் உயர்த்தினார். "என்னம்மா, இத ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"ஓட்டுனாத்தானே சார் தெரியும்? ஒருநாள் காட்டிக்குடுங்க. மறுநாள்லருந்து நானே ஓட்டிக்கறேன்." சொல்லும்போதே பொட்டும் வைத்து முடித்திருந்தார்.

"வெச்ச பொட்ட யாரு அழிக்கறது? நீயே பாத்துக்க," என்று மேலாளர் சிரித்தார். கற்பூரத் தட்டு அம்மாவின் கைக்கு வந்தது.

மற்ற இருவருள் ஒருவர் அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடப் பெண்; நாள்தோறும் அம்மாவுடன் சோற்றைப் பகிர்ந்து உண்பவர். "ஆய்த்து, பிடக்கா," என்றார். போகட்டும், விடு என்று பொருள். பின்பு தம் கருவிக்குப் பொட்டிட்டவர், அம்மா விட்டுச் சென்ற கருவியையும் துடைத்துச் சந்தனம் வைத்தார்.

திரும்பும் பேருந்தில் நான் அந்தப் பிழையை அம்மாவிடம் சொன்னேன். "ஆன்ட்டி மறந்துபோயி உன் மெஷினுக்கும் பொட்டு வெச்சிட்டாங்கம்மா."

"மறக்கல," என்றார்.

பூசையில் எனக்குத் தந்த பொட்டலத்திலிருந்து அம்மா ஒரு பிடி பொரியை எடுத்து, உண்ணாமல் கையிலேயே வைத்திருந்தார். அவருக்குப் பசியில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு மீதியை நானே தின்று முடித்தேன்.