தண்ணீர்த் தொட்டியில் கட்டிய மைக்

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று நினைப்பவன் ஆயுசில் எதையும் தூக்கிப் போட்டதில்லை. நீங்களும் அந்த ரகம்தான் என்று நம்புகிறேன். உள்ளே 'கெட்டது' என்று பெயர் வைத்த ஒலிப்பதிவு ஒன்று கிடந்தது. ஓட்டினேன். முதலில் காக்கை. பிறகு அடிவயிற்றில் 'ஊ' என்று கிளம்பி உச்சந்தலையில் 'ஈ' என்று முடியும் ஓர் ஊளை. நடுவே யாரோ ஏதோ சொல்கிறார்கள். மடிக்கணினியின் கொசுக்குரலில் பிடிபடவில்லை. ஆனால் ஊளையைக் கேட்டதுமே எனக்கு ஈயம் உருகும் வாசனை வந்துவிட்டது.

ஈய வாசனை என்றால் பாப்பா. பெயர்தான் அப்படி, ஆள் ஆறடி வங்காளி. பெஹாலாவில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தான். ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் முடித்தவன். நான் பாலிகஞ்சில் ஓர் ஆபீசில் சேர்ந்த புதிது. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆகிற லட்சணமும் தெரியவில்லை. ஆகவே ஸ்பீக்கர் செய்தோம்.

அம்மாவுக்காகத்தான். அவளுக்குக் காது மெல்ல மந்தமாகிக்கொண்டிருந்த சமயம். கடை ஸ்பீக்கரில் பாட்டு கேட்கிறது, சொல் கேட்கவில்லை என்பாள். "சத்தம் வேண்டாம்டா, அது இந்த ஊர்ல எக்கச்சக்கமா கெடைக்கறது. வார்த்தை கேக்கணும், அவ்ளோதான்."

அவ்வளவுதானே என்று இறங்கினோம். மரப்பெட்டிக்குள் அடைக்கப் பஞ்சு வேண்டும் என்று வீட்டு லேப்பைக் கிழித்தோம். லேப் என்பது இந்த ஊரின் பஞ்சுப் போர்வை. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் சால்வைக்குள் நடுங்கினேன். பிறகு கிராஸ்ஓவர். பாட்டில் தடித்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கீச்சொலியைச் சின்னதற்கும் பிரித்துக் கொடுக்கிற சுற்று அது. ஒருவிதப் பாகப்பிரிவினை, எல்லாப் பாகப்பிரிவினையையும் போல எல்லைக்கோட்டில்தான் தகராறு. அம்மாவின் மாத்திரை டப்பாவில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் செய்தோம். மாத்திரைகளை எங்கே கொட்டினோம் என்று இன்றுவரை தெரியாது.

ஸ்பீக்கரை அளக்க வேண்டுமானால் அந்த ஊளையை அதில் ஓடவிட்டு, மைக்கில் பிடித்து, கணினியில் கிராஃபாகப் பார்க்க வேண்டும். கோடு நேராக வந்தால் ஸ்பீக்கர் சரி. அறைக்குள் செய்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கணக்கைக் கெடுக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். மைக்குக்கு ஸ்டாண்ட் இல்லை. அம்மா கொடியைத் தூக்கி நிறுத்தும் மூங்கில் குச்சியில் அதைச் செருகி, குச்சியைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு சேர்த்துக் கட்டினோம். தொட்டிக்கும் மைக்குக்கும் நாலு விரற்கடை. சுவருக்குப் பயந்து மாடி ஏறிய இரண்டு மேதாவிகள், மைக்கைக் கொண்டுபோய்த் தொட்டி முதுகில் கட்டியிருக்கிறோம் என்று இருவருக்குமே உறைக்கவில்லை.

கிராஃபில் சரியாகக் குரல் வருகிற இடத்தில் ஒரு பள்ளம். கிராஸ்ஓவரில்தான் கோளாறு என்று மேலும் இரண்டு காயில், நாலு கெப்பாசிட்டர் சேர்த்து, மூன்று மாதம் போராடிப் பள்ளத்தை நிரவினோம். கூடத்தில் வைத்து அம்மாவைக் கூப்பிட்டோம். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள்.

"ஏன்டா, பாடறவர் மூக்கைப் பிடிச்சுண்டு பாடறாரா?"

பாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் அம்மாவை அவன் மாஷிமா, அதாவது பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். மடிக்கணினியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "மாஷிமா, கிராஃப் தேக்கோ! ஏக்தம் ஃப்ளாட்!"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "கோடு நேராத்தான் இருக்கு. கோடா பாடறது?"

மறுபடி சந்தேகம் வந்து, கூட்டிய காயில்களைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து அளக்கப் போனோம். நாங்கள் படிக்கட்டில் கணினியோடு உட்கார்ந்திருக்க, துணி உலர்த்த முன்னாடியே மேலே வந்திருந்த அம்மா, ஊளை பாதி ஓடும்போது ஏதோ பேசிவிட்டாள். பதிவு போச்சு. எரிந்து விழுந்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் குச்சி வேறு இடத்தில் நின்றது. பாப்பா தலையில் அடித்துக்கொண்டான். பழையபடி தொட்டியோடு இறுக்கிக் கட்டினோம். பள்ளமும் பழையபடி வந்தது. கழற்றிய காயில்களையெல்லாம் திரும்பப் பற்றவைத்தோம்.

அம்மா கடைசிவரை அந்த மூக்கடைப்போடுதான் பாட்டு கேட்டாள். "பரவால்லடா, ரெண்டு பேரும் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணேள்" என்பாள்.

இப்போது அந்த வீடு இல்லை. புரமோட்டர் இடித்துவிட்டு ஐந்து மாடி எழுப்பியிருக்கிறார். மொட்டை மாடிக்குப் பூட்டு. பாப்பா கனடாவில் பனி வாருகிறான். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. ஸ்பீக்கர்கள் மட்டும் என்னோடு இருக்கின்றன, தலையில் மணிபிளான்ட் சட்டியோடு.

சட்டியை இறக்கிவிட்டு, 'கெட்டது' பதிவை அவற்றில் ஓடவிட்டேன். மூக்கடைத்த குரலில் அம்மா. "குச்சியைத் தள்ளி நட்டிருக்கேன்டா, துணி போட எடமில்லே." அவசரமாக அதன் கிராஃபைத் திறந்தேன். அம்மா பேசிய இடத்தில் ஒரு சின்ன முடிச்சு. மற்றபடி கோடு நேராகப் போனது. பள்ளம் இல்லை. பள்ளம் எந்நாளும் ஸ்பீக்கரில் இருக்கவில்லை. தொட்டியில் பட்டுத் திரும்பிய ஒலி செய்த வேலை. நாங்கள் தலைகீழாக நின்று கண்டுபிடிக்காததை அம்மா ஓர் ஈரப் புடவைக்காகச் சரிசெய்து, வாய்விட்டும் சொல்லியிருக்கிறாள்.

சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, வேண்டாத காயில்களை வெட்டி எறிந்தேன். அரை மணி வேலை. மறுபடி ஓடவிட்டேன்.

காக்கை. ஊளை. அம்மா. மூக்கடைப்பு போயே போய்விட்டது. அவள் ஆசைப்பட்டபடி ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. சந்தோஷத்தில் பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். அவளுக்குப் பின்னால், படிக்கட்டிலிருந்து என் குரல்.

"ஐயோ அம்மா, கொஞ்ச நேரம் பேசாமதான் இரேன்!"

அதிலும் ஒரு வார்த்தை தப்பவில்லை.