பெற்றவள் பெயர் இல்லாத கல்லறை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இப்போது நானே சொல்கிறேன், சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில், தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த சமயம், நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். அப்பாவுடைய தாத்தா வெள்ளைக்காரர், ஹென்றி என்று பெயர், முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க வந்தவர் இங்கேயே பெண் கட்டி, இங்கேயே செத்து, கடலோரம் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார். கல்லில் அவர் பெயரும் இங்கிலாந்தில் அவர் பிறந்த ஊரும் மட்டும்தான் இருந்தன. அப்பாவுக்கு நெஞ்சு நோய் முற்றிய பிறகு ஒரே ஆசை, அந்தக் கல்லில் அவரைப் பெற்றவள் பெயரையும் வெட்ட வேண்டும்.

"அம்மை பேரு இல்லாம அநாதை மாதிரி கிடக்காருலே. நான் கண்ணை மூடுததுக்குள்ள எழுதிக் கேளு" என்றார்.

அந்த ஊர் ஆலயத்துக் குருவானவருக்கு எழுதினேன். மனுஷன் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்துப் பதில் போட்டார்: அந்தக் குடும்பப் பெயரில் ஒரே வீடுதான், தாய் மார்த்தா, மகன் ஹென்றி. ஆனால் அந்த ஹென்றி பால்குடி மறக்கும் முன்பே இறந்து அடக்கமாகிவிட்டான். வீடுவீடாக ஆள் எண்ணி எழுதிய பழைய குடிக்கணக்கையும் தேடிவிட்டு மறுபடி எழுதுவதாக முடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா கடிதத்தைக் கல்லறைக்கே போய் வாசிக்கச் சொன்னார். ரிக்‌ஷாவில் கூட்டிப்போய் வாசித்தேன். "இது நம்ம குடும்பம் இல்லப்பா" என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பெண் குரல் "ஹென்றி" என்றது, மெதுவாக, தொட்டில் பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி. கொஞ்சம் விட்டு மறுபடி "ஹென்றி", இந்தத் தடவை சத்தமாக, தூரத்தில் நிற்கிற மகனைக் கூப்பிடுகிற மாதிரி. நம்பினால் நம்புங்கள், சுற்றிலும் ஆளே கிடையாது, ரிக்‌ஷாக்காரர்கூட டீ குடிக்கப் போயிருந்தார்.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பிள்ளையைக் கூப்பிடுதாலே. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு."

"என்னப்பா நீங்க, செத்த பிள்ளை பேரை யாராவது அடுத்த பிள்ளைக்கு விடுவாங்களா? தாத்தா பேரைப் பேரனுக்கு விடுவாங்க, உங்களுக்கு ஹென்றின்னு விட்ட மாதிரி. ஏதோ கப்பல்காரன் பொண்டாட்டி கூப்பிடுதா, வாங்க" என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் இறந்த குழந்தையின் பெயரை வாயில்கூட எடுக்க மாட்டார்கள், நான் வேறென்ன நினைப்பேன்? கல் கொத்துகிறவரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. குடிக்கணக்கில் மார்த்தா வீட்டில் மறுபடியும் ஒரு ஹென்றி இருக்கிறான், பெரியவனாகிக் கப்பலேறியிருக்கிறான்; ஞானஸ்நானம் பக்கத்து ஊர் ஆலயத்தில் நடந்ததால் முதலில் கண்ணில் படவில்லையாம். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்தவனுக்கு வைப்பது அங்கே சாதாரணமாம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். "இருக்கலாம்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

கல்லில் மார்த்தா பெயரை வெட்டிவைத்த அன்று சாயங்காலம் அங்கே தனியாக நின்றேன். அதே குரல். மெதுவாக ஒரு தடவை, சத்தமாக ஒரு தடவை. போகலாம் என்று திரும்பினேன், மூன்றாவது தடவையும் "ஹென்றி" என்று கூப்பிட்டாள். யாருமே இல்லாத மணலிலிருந்து, "இந்தா வாரேன்" என்று பதில் வந்தது. அப்பா குரல். இளைப்பே இல்லாத குரல்.

நானும் "அப்பா" என்று கூப்பிட்டேன். அதற்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை.