கோட்டை மேல் ஒரு கலங்கரை விளக்கம்

சனிக்கிழமை விடியற்காலையில் ஜோசலின் டீச்சர் அடுப்படியில் நின்று, கணவருக்கு இரண்டு நாளைக்கான சாப்பாட்டை டப்பா டப்பாவாக அடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூடியிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, எது எந்த வேளைக்கு என்று எழுதினாள். முப்பத்தோரு வருஷம் சமூக அறிவியல் நடத்திய கை. எழுத்து அச்சுப்போல் இருந்தது.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற கணவர் வேதசிரோமணி பனியனோடு வந்து டப்பாக்களைப் பார்த்தார்.

"கைடு வேணாம், நீயே பேசுன்னு சபைப் பொம்பளைங்க சொல்லிட்டாங்களாமே? தரங்கம்பாடிய நீ கண்ணால பாத்ததே இல்லியே ஜோஸ். பேந்தப் பேந்த முழிக்கப் போற."

அவள் பயமும் அதுதான். அந்த ஊர் டேனியர் கோட்டையைக் கரும்பலகையில் வரையாத வருஷம் கிடையாது, போகத்தான் வாய்க்கவில்லை. பள்ளிச் சுற்றுலா வரும்போதெல்லாம், "நானும் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்பாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவளும் பேர் கொடுக்கமாட்டாள். இந்தத் தடவை தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் சபைப் பெண்கள் வேன் பிடித்தபோது அவள் யாரையும் கேட்கவில்லை. முதல் பேராக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மதிய வெயிலில், கோட்டைக்கு எதிரே பதினெட்டுப் பெண்கள் குடையோடு நின்றார்கள். ஜோசலினுக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. சட்டென்று கோட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கரும்பலகை எப்போதும் முதுகுக்குப் பின்னால்தானே இருக்கும். குரல் தானாக வந்தது. ஆயிரத்து அறுநூற்று இருபதில் டேனியர் வந்தது, சீகன்பால்கு கப்பலை விட்டு இறங்கியது, தமிழில் வேதாகமம் அச்சேறியது எல்லாவற்றையும் ஒரு தாளையும் பார்க்காமல் சொன்னாள். மாயவரத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் உருகுவதுகூடத் தெரியாமல் நின்று கேட்டது.

அவளிடம் படித்து இப்போது வங்கியில் வேலை பார்க்கும் அனுப்பிரியா, அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள்.

"டீச்சர், கோட்டை மேல கலங்கரை விளக்கம் எங்க?"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். மேலே வெறும் ஆகாயம்தான் இருந்தது.

ஜோசலின் மழுப்பவில்லை. "அது நானா போட்டதுடீ. போர்டுல மேல இடம் காலியா இருந்துச்சு. கடற்கரைதானே, இருக்கும்னு நினைச்சுட்டேன்."

"பரீட்சைல நானும் போட்டேனே! அஞ்சுக்கு அஞ்சு குடுத்தீங்க!"

"உனக்கு மட்டுமா? முப்பத்தோரு பேட்ச்சுக்கும் குடுத்திருக்கேன். வேணும்னா இப்ப அரை மார்க் கொறச்சுக்கிறேன், பேப்பரை எடுத்துட்டு வா."

குடைகள் குலுங்கின. மாயவரத்துக்காரர், "மேடத்துக்கு இந்த ஊருங்களா?" என்றார்.

"இல்லீங்க, தாம்பரம்." தலையை நிமிர்த்திச் சொன்னாள். "இன்னைக்குத்தான் முதல் தடவையா வரேன்."

அவர் நம்பவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பியபோது, வேதசிரோமணி அடுப்படித் தொட்டியருகே நின்று காலி டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத வேலை, சட்டையெல்லாம் நுரை.

"வேன் டிரைவர் வாசல்லயே சொல்லிட்டான். வெளியூர்க்காரங்கள்லாம் நின்னு கேட்டாங்களாமே."

"ம்."

"லைட் ஹவுஸையும் சொன்னான்."

"சொல்லாம இருப்பானா."

அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு நோட்டை விரித்தாள். டிசம்பரில் சபைப் பெண்கள் குடும்பத்தோடு நாகப்பட்டினம் போகிறார்கள். அங்கேயும் டீச்சர்தான் பேச வேண்டும் என்று வேனிலேயே முடிவாகிவிட்டது. வருகிறவர்களை ஒவ்வொரு பேராக எழுத ஆரம்பித்தாள்.

வேதசிரோமணி கடைசி டப்பாவைக் கவிழ்த்தார். ஈரத்தில் ஊறிப்போன 'ஞாயிறு மதியம்' காகிதத்தைப் பிய்த்து எறிந்தார்.

"ஜோஸ், நானும் வரட்டுமா?"

அவள் ஏழாவது பேரை எழுதி முடித்து, எட்டு என்று நம்பர் போட்டாள். பேனா அங்கேயே நின்றது, அவர் பேரை எழுதவில்லை. அவர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, மெல்ல அடுப்படியை விட்டு வெளியே போனார்.