ஃபால்ட்டா, படமா?

ஹெட்ஃபோனை மாட்டினால் காதுக்குள் மலைக்காற்று. கழற்றினால் காக்ஸ் டவுன் பஸ் ஹார்ன்... கூடவே கீழே பேக்கரியிலிருந்து ஏறிவரும் தேங்காய் பன் வாசனை.

என் முதல் வேலை என்றால் இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

ஐரோப்பாவில் ஒரு கலாச்சார சேனல். பெயர் வேண்டாம். சினிமா, நடனம், டாக்குமென்டரி... ஒரே நிகழ்ச்சியை ஏழெட்டு நாட்டு ஜனங்கள் அவரவர் மொழி சப்டைட்டிலோடு ஒரே சாயங்காலம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கு முன்னால் படம் ஓடுகிறதா, சத்தம் வருகிறதா, எழுத்து நேரத்துக்கு வருகிறதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை எப்படியோ சுற்றிச் சுற்றி எங்கள் மாடி ஆபீசுக்கு வந்து சேர்ந்திருந்தது.

இதற்கு மெஷின் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. படம் பத்து செகண்ட் அசையாமல் நின்றால் அலாரம் அடிக்கும். இந்தச் சேனலின் படங்களுக்கு அது நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்ததால் ஆஃப் பண்ணிவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் என்னை எடுத்தார்கள்.

டீம் லீட் சுந்தரேசன் சார். தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்காக இங்கே வந்த குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்க ஒரே கேள்விதான்மா. ஃபால்ட்டா, படமா? அது தெரிஞ்சா போதும்."

அது தெரியாமல்தான் எனக்கு அடி விழுந்தது. ப்ரொபேஷனில் மூன்று தப்பு ரிப்போர்ட் போட்டால் வேலை கன்ஃபர்ம் ஆகாது. முதலாவது, ஏரிக்கரையில் ஒரு கிழவர். ஆறு நிமிடம் மூச்சு பேச்சில்லை. "ஆடியோ இல்லை" என்று போட்டேன். சேனல் பக்கத்திலிருந்து எங்களுக்கு மெயில் எழுதுகிறவர் பிரிஜித் என்ற அம்மா. "ஆடியோ இருக்கிறது. அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று பதில் வந்தது.

இரண்டாவது, கருப்பு ஸ்க்ரீன். பதில்: "அது நிலக்கரிச் சுரங்கம். மூன்றாவது நிமிடத்தில் ஒரு விளக்கு வரும். தயவுசெய்து காத்திருக்கவும்."

காத்திருந்தேன். வந்தது.

இன்னும் ஒன்று போனால் வேலை காலி. அம்மா ஏற்கெனவே நான் படித்த கான்வென்ட்டில் கிளார்க் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். கணக்குக்காக என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிய அதே மிஸ் இன்னும் அங்கே இருந்தார். தினமும் அவரிடம் போய் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை நீட்ட வேண்டும். போதாததற்கு, நான் யூரோப் டிவியில் வேலை பார்க்கிறேன் என்று சர்ச்சில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது.

ப்ரொபேஷன் முடிய நாலே நாள் இருக்கும்போது அந்த மாடு வந்தது.

மலைச்சரிவில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் மணிச்சத்தம், காற்று. ஒரு நிமிடம் கழித்து வாய் நின்றது. நின்றது நின்றபடியே... இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். காற்று மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

சாரைக் கூப்பிட்டேன்.

"சவுண்ட் வருதில்ல? அப்ப படம்தான். போன வாரம் ஒரு ஆளு இருபது நிமிஷம் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னான். அவார்ட் வாங்கின படம்மா அது."

"சார், இது மாடு சார்."

"இருக்கட்டும், ஆர்ட் ஃபிலிம் மாடு. பேடம்மா, வேண்டாம் விட்டுடு. உனக்கு ஏற்கெனவே ரெண்டு ஆயிருக்கு. நாலு நாள் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அவருக்கு மாடு பழக்கமில்லை, எனக்குப் பழக்கம். எங்கள் சந்தில் பால்காரர் கெம்பண்ணாவின் ராணி, தினமும் காலையில் சரியாக என் ஸ்கூட்டிக்கு முன்னால்தான் படுக்கும். அது எழுந்திருக்குமா மாட்டாதா என்று அதன் மூஞ்சியைப் பார்த்தபடி வருஷக்கணக்கில் நின்றிருக்கிறேன். அசை போடுவதை நிறுத்தும், முழுங்கும், ஒரு பெருமூச்சு விடும், மறுபடி ஆரம்பிக்கும். காது மட்டும் சும்மா இருக்கவே இருக்காது.

ரிவைண்ட் பண்ணி மறுபடி பார்த்தேன். கண்ணோரத்தில் ஒரு ஈ. மாடு காதை ஆட்டவில்லை. ஈயும் அசையவில்லை.

"சார், மாடு டைரக்டர் சொன்ன பேச்சைக் கேட்டு நடிக்குதுன்னே வெச்சுக்குவோம். ஈக்கு என்ன சார் தலையெழுத்து?"

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஈயையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தேவ்ரே..." என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

ரிப்போர்ட் போட்டேன். ஒரு மணி நேரம் பதிலே இல்லை. அதற்குள் நான் மனசுக்குள் கான்வென்ட்டில் சேர்ந்து, மிஸ்ஸுக்கு இரண்டு தடவை குட்மார்னிங் சொல்லிவிட்டேன்.

பிறகு பிரிஜித்தின் மெயில் வந்தது. "நீங்கள் சொன்னது சரி, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது. இங்கே நாங்கள் நான்கு பேர் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மிக அழகாக இருக்கிறது என்று நினைத்தோம்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்று சாயங்காலம் ஏழெட்டு நாடுகள் ஒன்றுசேர்ந்து அந்த ஈயை ரசித்திருக்கும்.

வேலை கன்ஃபர்ம் ஆனது. சார் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலை ராணிக்கும் ஒன்று கொடுத்தேன். தின்றுவிட்டு, நகராமல் அங்கேயே படுத்திருந்தது.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. செக்கிங் எல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது. நான் சந்தாபுரா பக்கம் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டேன், பார்க்கிங்கில் மாடு கிடையாது. அந்தச் சேனல் இன்று என் போனிலேயே வருகிறது. ஆனால் எது வந்தாலும் மூன்று செகண்ட் அசையாமல் நின்றால் என் மகள் விரலால் தள்ளிவிடுகிறாள். அந்தக் காலத்தில் முழு நாளும் உட்கார்ந்து ஒன்றுமே நடக்காததைப் பார்த்தோம்... அதற்காக இப்படி ஏங்குவேன் என்று யார் கண்டார்கள்.

போன மாதம் சுந்தரேசன் சாரோடு வீடியோ கால் பேசினேன். அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, தவறிய பிறகு தனியாக இருக்கிறார். ஆன்ட்டி பேச்சு வந்தது. பாதியில் நிறுத்தினார். முகம் அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, ஸ்டக் ஆயிடுச்சு. கட் பண்ணிட்டு திரும்பப் போடு" என்று மகள் கையை நீட்டினாள்.

"இரு" என்றேன். சாருக்குப் பின்னால் ஜன்னல் திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன்.

"சார்... ஃபால்ட்டா, படமா?"

முதலில் கண் சிமிட்டியது. அப்புறம்தான் சிரிப்பு வந்தது.

"படம்தான்மா. கொஞ்சம் ஸ்லோ."