பின்சீட்டின் தீர்ப்பு

மாத்தளையில் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் என்னைத்தான் தேடி வருவார்கள். டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன் என்பது ஒரு காரணம். எந்த வண்டியையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, நல்லதையும் கெட்டதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவேன் என்பது இன்னொன்று. விற்கிறவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. புதிய வண்டிகள் நாட்டுக்குள் வராமல் நின்றுபோயிருந்த வருடங்களில் பழையவையே கை மாறிக் கை மாறி ஓடின. எனக்கும் மவுசு கூடியது, தலைக்கனமும் கூடியது.

உள்ளதைச் சொன்னால் பாதித் தீர்ப்பு என்னுடையதல்ல, என் மனைவியுடையது.

குரூசர் என்பது ஓட்டுகிறவனுக்காகவே செய்த வண்டி. தாழ்ந்த இருக்கை, முன்னால் நீட்டிய கால்கள், வீட்டில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி ஒரு சுகம். பின்னால் இருக்கிற ஜீவனைப் பற்றி அதைச் செய்தவன் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான். குழியில் விழுந்தால் அடி நேராக அங்கேதான் இறங்கும். அதனால் எந்தக் குரூசர் வந்தாலும் இவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். சுரிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவாள். திரும்பி வந்ததும் நான் குறிப்பெழுதும் கொப்பியை எடுப்பேன், அவள் சொல்லுவாள்.

ஒரு முறை, "என்னங்க, எடது காலு மட்டும் கூசுது" என்றாள். கழற்றிப் பார்த்தால் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. காலையிலிருந்து நான் காது கொடுத்துக் கேட்டும் பிடிபடாத கோளாறு அது.

"ஒன் காலுக்குத்தான் நான் சம்பளம் குடுக்கணும்" என்றேன்.

"மொதல்ல அதுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக் குடுங்க" என்றாள்.

அவளுக்கு ஏழெட்டு வருடமாக நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், இருந்தது. எங்கள் தெருவில் அது இல்லாத வீடு இல்லை. குளிசை போட்டாள், கிளினிக்குக்குப் போனாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதுதான் சரி.

போன வருடம் பக்கத்து அலுவிகாரையில் ஒரு மிளகு வியாபாரி தன்னுடைய கறுப்புக் குரூசரை விற்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார். இரட்டை சிலிண்டர் எஞ்சின். வலது பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சைலன்சர்கள். அதை நான் யாருக்காகவும் பார்க்கப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன். மனைவியின் தாய்வீடு இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் இருக்கிறது. இந்த வண்டியில் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய் இறக்க வேண்டும் என்று ஐம்பத்தைந்து வயதில் எனக்கு ஓர் ஆசை.

காலையில் அவர் வீட்டிலிருந்து வண்டியை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். ஏ-ஒன்பது வீதியில் வண்டி பதறாமல் போனது, தம்புள்ளையிலிருந்து வரும் லொறிகளை மூச்சு வாங்காமல் தாண்டியது. டவுனுக்குள் வந்ததும் குணம் மாறியது. பஸ்களுக்கு நடுவே ஊர்ந்தபோது எஞ்சின் சூடு வலது தொடையைப் பொசுக்கியது. பாரமும் கொஞ்சநஞ்சமில்லை, நிறுத்தித் திருப்ப இரண்டு காலும் ஊன்ற வேண்டியிருந்தது. இரத்தோட்டை ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே மலையை இழுத்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் சாய்த்தால் கால் வைக்கும் கட்டை தார் ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்தது. மலைக்கு ஏற்ற வண்டி இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் ஆசை விடவில்லை.

"பின்னாடி எப்பிடி?" என்று கத்திக் கேட்டேன்.

"அதிர்வே இல்லங்க. சூடும் இல்ல. வீட்டுல ஒக்காந்திருக்க மாதிரி இருக்கு."

அவள் இவ்வளவு தூரம் எந்த வண்டியையும் புகழ்ந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இறக்கத்தில் கருகல் வாசனை அடித்தது. க்ளட்ச் தட்டு கருகுகிறது என்று உடனே முடிவு கட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி முகர்ந்தேன். அவள் இறங்காமலே இருந்தாள். அலுவிகாரைக்குத் திரும்பி அவளை வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வியாபாரியிடம் பாய்ந்தேன்.

"க்ளட்ச் கருகுது. மறைச்சி விக்கப் பாக்குறீங்களா?"

"அண்ணே, க்ளட்ச் போட்டு ஒரு மாசங்கூட ஆகல. சத்தியமா!"

நான் விடவில்லை. முப்பது வருட அனுபவம், மூக்கு, மண்ணாங்கட்டி என்று என்னென்னவோ பேசினேன். அந்த மனிதர் வண்டியைச் சுற்றி வந்து, வலது பக்கம் குனிந்தார்.

"அண்ணே, இது என்ன?"

மேல் சைலன்சரில் நீல ரப்பர் உருகி, பாகு மாதிரி ஒட்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவளுடைய செருப்பு நீலம். ஓடிப்போய் வலது காலைத் தூக்கினேன். செருப்பின் ஓரம் உருகிக் காலோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது தோலும் கூடவே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எப்பங்க சுட்டுச்சி?" என்று என்னையே கேட்டாள்.

தன் கால் அந்தக் கட்டையின் மேல்தான் இருக்கிறது என்று வழி நெடுக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கிளினிக்கில் தாதி அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நரம்பால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டார். தெரிந்தால் சொல்ல வேண்டும். இரண்டு முறைதான் வாய் திறந்தாள். எவ்வளவு நாளாக இப்படி என்று தாதி கேட்டதற்கு, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வருசம் இருக்கும் என்றாள். நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதே தெரியாதாம்.

"ஏன் சொல்லல?" என்றேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன்.

"சொன்னா பின்னால ஏத்த மாட்டீங்க."

அந்த ஒரு வருடத்தில் அவள் சொல்லி நான் எழுதிய ஒன்பது வண்டிகள் கொப்பியில் இருக்கின்றன. 'பின்சீட்டில் அதிர்வு இல்லை' என்று கடைசி நான்கில் எழுதியிருக்கிறேன். அவற்றை நம்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளுடைய காலை நினைத்தால் அழுகை வருகிறது.

புண் ஆறவில்லை. தை மாதம் சுண்டுவிரலை எடுத்தார்கள். மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் தினமும் காலைப் பார்க்கச் சொன்னார்கள். கறுப்பு வண்டி வேறு யாரிடமோ போய்விட்டது. நான் அந்த வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இவளுடைய காலைத்தான் விசாரித்தார்.

இப்போது சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் அவள் முன்னால் தரையில் உட்காருவேன். கட்டுப் போடாத இடங்களில் விளக்குமாற்று ஈர்க்கின் நுனியால் தொட்டுப் பார்ப்பேன். நேற்றும் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"காலு சரியாயிட்டா மறுபடி ஏத்திக்கிட்டு போவீங்கதானே?" என்றாள்.

"போவோம்" என்றேன். "இப்ப சொல்லு, தெரியுதா?"

"ம், நல்லா தெரியுதுங்க" என்றாள்.

ஈர்க்கு இன்னும் என் மடியில்தான் கிடந்தது.