லோப்பல, பயட்ட, செல்வி மேம்

மூணு மணி வெயில்ல பாஸ்கெட்பால் சிமெண்ட் கோர்ட் எப்படிக் கொதிக்கும்னு அதுல ஓடினவங்களுக்குத்தான் தெரியும். ஷூ அடி தேஞ்சு போயிருக்கும். சூடு நேரா உள்ளங்கால்ல ஏறும்...

சாயங்கால நிழல் பசங்க டீமுக்கு. எங்களுக்கு வெயில். நாலரை மணி காலேஜ் பஸ்ஸுக்குள்ள பொம்பளப் பிள்ளைக ஆடி முடிச்சிரணும்னு சட்டம். பசங்களும் அதே பஸ்தானேன்னு கேட்டா, "அவங்க எப்படியும் வீடு போய்ச் சேர்ந்துருவாங்க"ன்னு பதில் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு தனியார் ஆர்ட்ஸ் காலேஜ். பேரு வேண்டாம். நான் வன்னியம்பட்டியில இருந்து போய் வந்தேன். எங்க கோச் செல்வி மேம், ராஜபாளையத்துக்காரங்க. மில் தொழிலாளி மக. மாவட்ட டீமுக்கு ஆடினவங்க. ஆனா வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூன்லயும் ஆர்டர் வருமா வராதான்னு முழிச்சுக்கிட்டு இருப்பாங்க. புருஷனை விட்டுட்டு சின்ன மகளோட வாடகை வீட்டுல இருந்தாங்க. தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு தர இந்த ஊர்ல எம்புட்டு கேள்வி கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

மேம் எங்களுக்கு ஒரு ரகசிய பாஷை வச்சிருந்தாங்க. சின்ன வயசுல பக்கத்து வீட்டுல கேட்டுக் கத்துக்கிட்ட தெலுங்கு. "லோப்பல"ன்னா உள்ள, ரிங்குக்குக் கீழ பாஸ் பண்ணு. "பயட்ட"ன்னா வெளிய, தூரத்துல நிக்கிறவளுக்குக் குடு. "ரா"ன்னா வா. அவ்வளவுதான்.

மதுரையில, திருநெல்வேலியில எதிர் டீம்காரிக முழிப்பாளுக. நாங்க கத்திக்கிட்டே கூடை போட்டுட்டு வந்துருவோம். பெரிய அறிவாளிகன்னு எங்களுக்கு நெனப்பு.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது காலேஜ்களுக்குள்ள நடக்குற டோர்னமெண்ட்ல ஃபைனல் வரைக்கும் வந்துட்டோம். விளையாட்டு விழா மேடையில எங்க தாளாளர் மைக்கைப் பிடிச்சு, "கப்போட வாங்கம்மா, உங்களை நிரந்தரம் பண்ணிடறோம்"னு மேமைப் பார்த்துச் சொன்னாரு. எல்லாரும் கை தட்டினோம். ஃபைனல் ராஜபாளையத்துல, அந்த ஊர் காலேஜ் டீமோட.

மேட்ச் ஆரம்பிச்சதும் நான் முழுத் தொண்டையில "லோப்பல!"ன்னு கத்துறேன்... எதிர் டீம் மொத்தமும் ரிங்குக்குக் கீழ வந்து நின்னுக்கிட்டாளுக. "பயட்ட!"ன்னு கத்தினா அங்கயும் ஒருத்தி கையை விரிச்சு நிக்கிறா. கேலரியில ஒரு ஆளு, "ஏலே, நம்ம ஊருக்கு வந்து தெலுங்குல ஒளிச்சு ஆடுறாளுகளே!"ன்னான். மொத்தக் கூட்டமும் சிரிச்சு விழுது. ஒரு அம்மா எந்திரிச்சு எனக்கே வழி சொல்லுது, "லோப்பல போம்மா, லோப்பல!"

பாதி ராஜபாளையம் வீட்டுல பேசுறதே தெலுங்குதான். அங்க பொறந்து வளர்ந்த மேமுக்கே அது தோணலை!

டைம் அவுட் கேட்டுட்டு மேம் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "எங்க ஊரு பாஷையை எங்க ஊர்லயே ரகசியம்னு நெனச்சிருக்கேன் பாரு... என்னைய எதால அடிக்க?" அந்த நேரத்துலயும் எங்களுக்குச் சிரிப்பு. "சிரிக்காதீகட்டி. இனிமே லோப்பலன்னா வெளிய. பயட்டன்னா உள்ள. கொழம்பக் கூடாது."

"அப்ப ரா-ன்னா, மேம்?"

"அதையும் மாத்துனா நானே ஊரை விட்டு ஓடிப் போயிருவேன். ரா-ன்னா வா தான். போங்க!"

பொறவு கேலரி கத்துற பக்கமெல்லாம் எதிர் டீம் ஓடிச்சு. பந்து வேற பக்கம் போச்சு. ஜெயிச்சிட்டோம். மேம் அழுததை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

நிரந்தர ஆர்டரும் வந்துச்சு. லேடீஸ் ஹாஸ்டல் வார்டனா!

கோச் வேலைக்கு வெளியூர்ல இருந்து ஒரு சாரைக் கொண்டு வந்தாங்க. பிள்ளைகளை டோர்னமெண்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆம்பள இருந்தாத்தான் பாதுகாப்பாம். யார்கிட்ட இருந்து பாதுகாப்புன்னு எவனும் சொல்லலை.

ஆபீஸ் வாசல்ல டீமோட உக்காந்து போராடுவோம்னு நான் குதிச்சேன். மேம் கையைப் பிடிச்சு இழுத்தாங்க.

"ஏட்டி, நீ டிகிரியை வாங்கிட்டுப் போயிருவ. எம்மகளுக்கு ரூம் தாராக, சோறு தாராக. ராத்திரி கதவைத் தட்டி ஒருத்தனும் காலி பண்ணச் சொல்ல மாட்டான். கோவப்படணும்னாலும் குடியிருக்க ஒரு எடம் வேணும்ல?"

 

இத்தனை வருஷம் கழிச்சு, போன மாசம் லீவுல ராஜபாளையத்துல ஒரு மேட்ச் பார்க்கப் போனேன். எங்க காலேஜ் பிள்ளைக ஆடுறாங்க. எங்க காலத்துல பேண்ட்டுக்கு மேல துப்பட்டாவைக் கட்டிக்கிட்டுதான் பஸ்ஸை விட்டு இறங்குவோம். இப்ப ஷார்ட்ஸ் போட்டு ஜம்முனு நடந்து வருதுக. மேல கூரை, நல்ல லைட்டு, நல்ல ஷூ... பார்க்கவே சந்தோஷமா இருந்துச்சு. காலேஜ் அட்மிஷன் பேனர்ல இந்தப் பிள்ளைக போட்டோதான்.

பெஞ்ச் கடைசியில செல்வி மேம். தலை நரைச்சிருச்சு. துணைக்கு வந்த வார்டன். மடி நிறைய பிள்ளைகளோட பை, போன்.

பக்கத்துல போய் உக்காந்தேன். தண்ணி குடிக்க வந்த ஒரு பிள்ளை, "அக்கா, எங்க வார்டனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டுச்சு.

"எங்க கோச்."

அது சிரிச்சிருச்சு. "சும்மா சொல்லாதீகக்கா. மேம், உங்களுக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா?"

"தண்ணியைக் குடிச்சிட்டு ஓடு, விசில் அடிச்சாச்சு"ன்னாங்க மேம்.

அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவம் வரலை. அதுகிட்ட யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஆட்டம் போயிட்டே இருந்துச்சு. அந்தப் பிள்ளை பந்தோட ரிங்கை நோக்கிப் பாய்ஞ்சப்ப மேம் சட்டுனு பாதி எந்திரிச்சாங்க... மடியில இருந்த பை சரிஞ்சது. ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு மறுபடி உக்காந்துக்கிட்டாங்க.